டெஸ்க்டாப்புக்கு லேப்டாப் சார்ஜர்: மலை மேலிருந்து ஒரு நீண்ட இழை

இன்னிக்கு இழையில் மருத்துவம் கொஞ்சம்தான். கம்ப்யூட்டருக்கு கரண்ட் கொடுக்கிறதைப் பத்தி எழுதப் போறேன். "டாக்டரம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு கேக்கறவங்க பாதி வரைக்கும் பொறுமையா வாங்க.

நான் வேலை பார்க்கிறது சேர்வராயன் மலையில் இருக்கிற ஒரு அரசு மருத்துவமனை. பேர் வேண்டாம். ஏற்காடுன்னா உங்களுக்கு ஏரி, படகு, மே மாசக் கோடை விழா. எங்களுக்கு சில்வர் ஓக் மரம். காபிக்கு நிழலுக்காக நட்டது, மேல மிளகுக்கொடி ஏறியிருக்கும். மின்கம்பி அந்த மரங்களுக்கு நடுவிலதான் வருது. காத்தடிச்சா கிளை கம்பி மேல விழும், கரண்ட் போகும். லைன்மேன் அண்ணன் மழையில டார்ச் அடிச்சுக்கிட்டு எந்தக் கம்பத்துல போச்சுன்னு தேடி நடக்கணும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கரண்ட் போறதுகூடப் பரவாயில்ல. அது திரும்பி வர்ற விதம்தான் பிரச்சினை. ட்யூப்லைட் மூணு தடவை கண்ணடிக்கும், ஃபேன் முனகும், ஸ்டெபிலைசர் டிக் டிக்னு அடிக்கும். அப்புறம் ஒரு "டப்". அந்த டப் சத்தம் எந்த ரூம்ல இருந்து வந்ததுன்னு தேடி ஓடுவோம்.

பெரும்பாலும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். அதுலயும் பெரும்பாலும் அதோட பின்பக்கம் இருக்கிற இரும்பு டப்பா. எஸ்எம்பிஎஸ்னு சொல்வாங்க. ஒரே மழைக்காலத்துல எங்க ஆஸ்பத்திரியில மூணு எஸ்எம்பிஎஸ் போச்சு.

மூணுமே சின்னச் செலவுதான். ஆனா புகார் எழுதணும், நம்பர் வாங்கணும், கீழ இருந்து ஆள் வரணும். வர்றவர் ஒரு வேலைக்காக மலை ஏற மாட்டார், மூணு நாலு வேலை சேரட்டும்னு பார்ப்பார். ஒரு மெஷினுக்கு 19 நாள் ஆச்சு. அவர் வந்து செஞ்ச வேலை இருபது நிமிஷம்.

அந்த 19 நாள்ல என்ன ஆகும்? கர்ப்பிணிகளுக்குப் பிக்மி எண் போடணும். அந்த எண் இல்லாம டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி வராது, பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது இழுக்கும். காசநோய் மருந்து சாப்பிடறவங்க விவரம் நிக்ஷய்ல ஏத்தணும். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுல இருந்து பிரஷர், சுகர் கணக்கும் சேர்ந்துச்சு. எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சு, மெஷின் வந்ததும் ராத்திரி உக்காந்து ஏத்துறது நர்ஸ் அக்காக்கள். மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்துல இருந்து நடந்தும் ஜீப்லயும் வந்த அம்மாவுக்குப் "சிஸ்டம் வேலை செய்யல, அடுத்த வாரம் வாங்க"ன்னு சொல்றது எவ்வளவு அசிங்கம்னு சொன்னவங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். சுவத்துல இருந்து வர்றது 230 வோல்ட் ஏசி. கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. எஸ்எம்பிஎஸ் அதை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டிசியா மாத்திக் கொடுக்குது. மதர்போர்டு அந்த 12-ஐ இன்னும் இறக்கி, சுமார் ஒரு வோல்ட்டா ப்ராசஸருக்குப் புகட்டுது. மிக்ஸியில அரைச்சு, வடிகட்டி, பாலாடையில ஊத்துற மாதிரி.

லேப்டாப்பும் இதையேதான் செய்யுது. ஒரே வித்தியாசம், முதல் வேலையைச் செய்யுற டப்பா வெளிய, ஒயர் நடுவுல தொங்குது. நாம சார்ஜர்னு சொல்றது. சரியான பேர் அடாப்டர்.

சரி, டெஸ்க்டாப்புக்கும் அந்த டப்பாவை வெளிய வச்சா என்ன? புது யோசனை ஒண்ணும் இல்ல. 2005-ல் வந்த முதல் மேக் மினி வெளி அடாப்டர்லதான் ஓடுச்சு, 2010-ல் ஆப்பிள் அதை உள்ள தள்ளிடுச்சு. இன்டெல் விட்ட நக் பெட்டிகள், லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினின்னு ஆபீஸ்களில் மானிட்டர் பின்னாடி ஒட்டியிருக்கிற சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் 19 இல்ல 20 வோல்ட் அடாப்டர்லதான் ஓடுது. வங்கி, ரயில்வே கவுன்ட்டர்ல எட்டிப் பாருங்க, கண்ணுல படலாம்.

எங்களுக்கு அப்படி ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்டி நோயாளர் நலச் சங்க நிதியில வந்துச்சு. ஒரு தடிமனான டைரி அளவு. பார்மசி அண்ணன் பார்த்துட்டு, "இதுவா மேடம் கம்ப்யூட்டர்? மீதி எங்க?"ன்னு கேட்டார்.

எனக்குப் பிடிச்ச முதல் விஷயம் அடாப்டர் மேல எழுதியிருக்கிறது. இன்புட் 100 முதல் 240 வோல்ட். நாங்க வச்சிருந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ல 200 முதல் 240ன்னு போட்டிருந்தது. மலையில லைன் கடைசியில இருக்கிற எங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல 200ங்கிறதே பெரிய விஷயம். வோல்ட்டேஜ் 160-க்கு இறங்கி ட்யூப்லைட் எரிய மறுக்கும்போதும் அந்த அடாப்டரோட பச்சை விளக்கு அசையல.

இரண்டாவது, அதுல ஃபேன் இல்ல, மூடிய டப்பா. ஏற்காட்டுப் பனிமூட்டம் ஜன்னல் வழியா ரூமுக்குள்ளயே வரும், ஃபைல் எல்லாம் நமுத்துப் போகும். எஸ்எம்பிஎஸ் ஃபேன் அந்த ஈரத்தையும் தூசியையும் சேர்த்து உள்ள இழுக்குது. ஒரு தடவை பிரிச்சப்ப உள்ள ஒரு பல்லி கருகிக் கிடந்தது. குளிருக்கு இதமா இருக்குன்னு போயிருக்கும், பாவம்.

மூன்றாவது, யுபிஎஸ். சாதாரண 600 விஏ யுபிஎஸ்ல 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒண்ணு இருக்கும். பெருக்கினா 84 வாட் மணி. அதுலயும் முழுசா எடுக்க முடியாது. பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து எங்களுக்குப் பத்து நிமிஷம் தாங்கும். சின்னப் பெட்டியும் எல்இடி மானிட்டரும் சேர்த்து நான் அளந்தப்ப 35 வாட் பக்கம் வந்துச்சு, அதே யுபிஎஸ்ல 40 நிமிஷத்துக்கு மேல ஓடுச்சு. 40 நிமிஷம்னா ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தி ஸ்டார்ட் பண்ண ஆள் வர்ற நேரம்.

கூத்து என்னன்னா, யுபிஎஸ் பேட்டரியில இருக்கிறது டிசி. அதை ஏசியா மாத்தி வெளிய அனுப்புது. கம்ப்யூட்டர் அதை வாங்கித் திரும்ப டிசியா மாத்துது. வழியில ரெண்டு தடவை சூடா வீணாகுது. நேரா டிசியாவே கொடுத்தா என்னன்னு பெரிய ஆட்களும் யோசிச்சிருக்காங்க. 2009-ல் கூகுள் தன்னோட சர்வரை முதல்முறையா வெளிய காட்டினப்ப, ஒவ்வொரு சர்வருக்குள்ளயும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உக்காந்திருந்தது. ஹாலுக்கே பெரிய யுபிஎஸ் வைக்காம, ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்த மாதிரி. நம்ம ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு வீட்டுக்கே 48 வோல்ட் டிசி லைன் போட்டு, சோலார், பேட்டரி, ஃபேன், லைட் எல்லாத்தையும் அதுலயே ஓட்டுற ஏற்பாடு செஞ்சாங்க. ராஜஸ்தான் பாலைவன கிராமங்கள்ல அதை வச்சாங்க. 2012 மின்வெட்டு காலத்துல நான் எம்பிபிஎஸ் மாணவி. சென்னைக்கு வெளிய இருந்தவங்களுக்கு அந்த வருஷம் மறக்காது. ஹாஸ்டல்ல டெஸ்க்டாப் வச்சிருந்தவங்க மெழுகுவத்தியில படிச்சாங்க. லேப்டாப் வச்சிருந்தவங்க படம் பார்த்தாங்க. மார்க் யாருக்கு அதிகம்னு கேக்காதீங்க.

இதெல்லாம் ஒரு பக்கம். நாலாவது விஷயத்துக்காகத்தான் இந்த இழையையே ஆரம்பிச்சேன். கெட்டுப் போறது வெளிய இருந்தா, மாத்துறதுக்கு யாரும் வர வேண்டியதில்ல.

போன ஐப்பசி மழை. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு அம்மாவைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. எட்டாம் மாசம். இரண்டாவது பிரசவம், முதல் குழந்தை ஆபரேஷன். வலி இல்ல, ஆனா ரத்தப்போக்கு, புடவை நனைஞ்சிருந்தது. வலியில்லாத ரத்தப்போக்குன்னா எந்த டாக்டருக்கும் முதல்ல தோணுறது நஞ்சுக்கொடி கீழ இறங்கிக் கருப்பை வாயை மறிச்சிருக்குமோங்கிறது. அப்படி இருந்தா உள்பரிசோதனை செய்யவே கூடாது, கை பட்டா ரத்தம் பீறிடும். தெரியாத வரைக்கும் தொடவும் கூடாது. அட்டை எங்கன்னு கேட்டா, அவசரத்துல வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாங்க. ரெஜிஸ்டர் கிராம சுகாதார செவிலியர்கிட்ட. லேப் ராத்திரி கிடையாது. செல்போன் டவரும் அன்னிக்குப் படுத்திருந்தது, லேண்ட்லைன் மட்டும் உயிரோட.

இரண்டு கையிலயும் பெரிய ஊசி போட்டு ட்ரிப் ஏத்தி, 108-க்குச் சொல்லிட்டுத் திரும்பறேன், ட்யூட்டி சிஸ்டர் கம்ப்யூட்டர்ல ஹை ரிஸ்க் தாய்மார்கள் லிஸ்ட்டைத் திறந்து வச்சிருந்தாங்க. நெட் வேண்டாத எக்ஸெல் ஃபைல், அவங்களே பராமரிக்கறது. "மேடம், 28-வது வாரம் ஸ்கேன்ல பிளசென்டா கீழ. குரூப் ஓ நெகட்டிவ். ஹீமோகுளோபின் 8.2."

லேண்ட்லைன்ல சேலம் பெரியாஸ்பத்திரி லேபர் வார்டைப் பிடிச்சு அந்த மூணு வரியைச் சொன்னேன். நெகட்டிவ் ரத்தம் நினைச்ச உடனே கிடைக்கிற பொருள் இல்ல. வண்டி இங்க கிளம்பும்போதே அங்க ரத்த வங்கிக்கு ஆள் போயாச்சு. அந்த மழையில 20 கொண்டை ஊசி வளைவு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

அவங்களைக் கம்ப்யூட்டர் காப்பாத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். காப்பாத்துனது 108 டிரைவர் தம்பி, கூடப் போன டெக்னீஷியன், கீழ கத்தி பிடிச்ச மகப்பேறு டீம். கம்ப்யூட்டர் கொடுத்தது ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிடைச்ச தகவல். குழந்தை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, பத்து நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவுல இருந்துட்டு வந்துச்சு.

மறுநாள் காலையில டீ குடிக்கும்போதுதான் சிஸ்டர் சொன்னாங்க. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் திரும்பி வந்தப்ப அந்த "டப்" கேட்டிருக்கு. அந்தக் கம்ப்யூட்டரோட அடாப்டர்தான். பச்சை விளக்கு அணைஞ்சிருக்கு. டிராயர்ல இருந்த ஸ்பேரை எடுத்து, நம்பரை ஒத்துப் பார்த்து, சொருகி, ஆன் பண்ணிட்டு ஊசி போடப் போயிட்டாங்க. எனக்குச் சொல்லணும்னுகூட அவங்களுக்குத் தோணல. பல்பு மாத்தினதை யார் வந்து சொல்லுவாங்க?

பழைய மெஷினா இருந்தா அன்னிக்கு ராத்திரி அது இருட்டாத்தான் இருந்திருக்கும். 19 நாள் இருட்டா இருந்திருக்கும்.

இப்ப எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு வீட்டுல இருக்கிற ஏதோ ஒரு சார்ஜரைச் சொருகிடாதீங்க. ரத்தம் ஏத்துற மாதிரிதான் இது, குரூப் பார்க்காம ஏத்தக் கூடாது.

வோல்ட் ஒத்துப் போகணும். 20 கேட்டா 20 (19, 19.5, 20 நெருங்கின சொந்தம்தான், ஆனா பெட்டி என்ன கேக்குதோ அதையே கொடுங்க). ஆம்பியர் அப்படி இல்ல. கேக்குற அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம், குறையக் கூடாது. இதயம் நிமிஷத்துக்கு இருபது லிட்டர் தள்ளும் தெம்போட இருந்தாலும், உக்காந்திருக்கிற உடம்பு ஐந்து லிட்டர்தான் எடுத்துக்கும். அப்படித்தான். 20 வோல்ட், 3.25 ஆம்பியர்னா 65 வாட். 4.5 ஆம்பியர்னா 90 வாட். 65 கேக்குற பெட்டிக்கு 90 போடலாம், 90 கேக்குற பெட்டிக்கு 65 போட்டா அடாப்டர் கொதிக்கும்.

முனை பொருந்துதுன்னு நம்பாதீங்க. எங்க மேஜையிலயே மூணு அடாப்டர். ரவுட்டருக்கு 12 வோல்ட். ஒரு மானிட்டருக்கு 14. கம்ப்யூட்டருக்கு 20. உருண்டை முனைகளைத் தூரத்துல இருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். அதனால ஒவ்வொண்ணு மேலயும் மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டி மார்க்கர்ல பெருசா வோல்ட்டும் மெஷின் பேரும் எழுதினோம். மெஷின் பின்னாடியும் அதே பிளாஸ்திரி. சிஸ்டர் அன்னிக்கு ஒத்துப் பார்த்தது அதைத்தான். டெல், எச்பி பெட்டிகள்ல முனை நடுவுல ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அடாப்டர் யாருன்னு விசாரிக்கிற ஊசி அது. அடையாளம் தெரியலன்னா சில மெஷின் முரண்டு பிடிக்கும், சிலது நத்தை வேகத்துல ஓடும்.

பழைய டெஸ்க்டாப்பையே மாத்தலாமான்னு கேப்பீங்க. முடியும். பிகோ பிஎஸ்யுன்னு விரல் நீளப் பலகை ஒண்ணு வருது. எஸ்எம்பிஎஸ் ஒயர் போற 24 பின் இடத்துல நேராச் சொருகி, வெளிய இருந்து 12 வோல்ட் அடாப்டர் கொடுக்கணும். பார்மசி மெஷினுக்கு அதைத்தான் செஞ்சோம், ஓடுது. ஆனா சாதா மாடல்ல 12 வோல்ட் அப்படியே உள்ள போகும். அதுல 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் சொருகினா ஹார்டு டிஸ்க்குக்கு நேரா 19 போகும், அதோட கதை முடிஞ்சது. பல வோல்ட் ஏத்துக்கிற தனி மாடல் இருக்கு, அதைக் கேட்டு வாங்கணும். கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் மெஷினை இதுல ஓட்டணும்னு நினைக்காதீங்க தம்பிகளா.

அடாப்டர் வாங்கும்போது பிஐஎஸ் முத்திரைக்குக் கீழ ஆர்னு ஆரம்பிச்சு எட்டு இலக்க எண் இருக்கான்னு பாருங்க. எடையும் பாருங்க. பஞ்சு மாதிரி லேசா இருந்தா வேண்டாம். 2011 செப்டம்பர்ல தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வந்த அடாப்டர்கள் எங்க மலை கிராமங்கள்ல பல வீட்டுப் பரண்ல கிடக்கு. லேப்டாப் செத்திருக்கும், அடாப்டர் உயிரோட இருக்கும். எங்க இரண்டாவது ஸ்பேர் அப்படி வந்ததுதான். எண் ஒத்துப்போச்சு, ஒயர் உரியல, ஒரு வாரம் கண்ணெதிர்ல ஓட்டிப் பார்த்துட்டு வச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு. இதை மருத்துவரா சொல்றேன். நோயாளி உடம்புல ஒட்டுற எந்த மெஷினுக்கும் சாதா லேப்டாப் அடாப்டரைப் போடாதீங்க. மானிட்டர், ஈசிஜி, சிபாப் எதுவா இருந்தாலும் சரி. இரும்பு உடம்பு லேப்டாப்பைச் சார்ஜ்ல போட்டுத் தடவினா கையில குறுகுறுன்னு ஒரு நடுக்கம் தெரியுமே, அது அடாப்டர் வழியா கசியுற கரண்ட். நமக்கு அது குறுகுறுப்பு. மார்புல எலக்ட்ரோடும், நரம்புல குழாயும் இருக்கிற ஆளுக்கு அப்படி இல்ல. அதனாலதான் மருத்துவக் கருவி அடாப்டருக்குக் கசிவு மைக்ரோ ஆம்பியர் கணக்குல தனி விதி, ஐஇசி 60601. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலை மட்டும் நாலு மடங்கு. அந்த விலைக்குக் காரணம் இருக்கு.

குறையும் சொல்லிடறேன். அடாப்டர் தரையில கிடந்தா துடைப்பம் இழுத்துட்டுப் போகும். எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை அப்படி நின்னுச்சு, மேஜைக் காலோட சேர்த்துக் கட்டின பிறகுதான் அடங்குச்சு. ஸ்பேர் டிராயர் பூட்டியே இருக்கணும், இல்லன்னா யாரோட லேப்டாப்புக்காவது "ரெண்டு நாள்" கடனாப் போயிடும். நியூட்ரல் கட் ஆகி 400 வோல்ட் வந்தா அடாப்டரும் போகும், அதுல சந்தேகமே இல்ல. பெரும்பாலும் அடி அதோட நிக்கும், உள்ள இருக்கிற டேட்டா தப்பிக்கும். எப்பவும் தப்பிக்கும்னு எழுதிக் கொடுக்க மாட்டேன், அதனால எக்ஸெல் ஃபைல் தினமும் பென்டிரைவ்லயும் போகுது.

இப்ப கொட்டச்சேடு பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி கேட்டு எழுதியிருக்கோம். அங்க இருக்கிற செவிலியர் அக்கா கேட்டது கம்ப்யூட்டர் இல்ல. "முதல்ல ஒழுங்கா எர்த் போட்டுக் குடுங்க மேடம், ஸ்விட்சைத் தொட்டா அடிக்குது"ன்னாங்க. போன வாரம் குழி தோண்ட ஆரம்பிச்சாங்க. இரண்டடிக்குக் கீழ பாறை. வேற இடம் பார்த்துக்கிட்டிருக்கோம். உப்பும் கரியும் மூட்டையில தயாரா இருக்கு.